ஈல் ஓ செக்ரெட் தீவு டூர்: குளிக்க பீச் கிடையாது, கொசு உண்டு, ஆனாலும் போங்க

மொரிஷியஸ் ட்ரிப் வர்ற நம்ம ஆளுங்க எல்லார் கையிலயும் ஒரே லிஸ்ட்தான் இருக்கும். ஷமரேல் ஏழு கலர் மண்ணு, கங்கா தலாவ், ஈல் ஓ செர்ஃப்ல பாராசெய்லிங், போர்ட் லூயி மார்க்கெட்ல டோடோ பொம்மை, முடிஞ்சா விடியகாலம் டால்ஃபின். நான் தூத்துக்குடியில இருந்து கல்யாணம் ஆகி ரோஸ் ஹில் வந்தவ, வருஷா வருஷம் ஊர்ல இருந்து யாராவது வருவாங்க, இதே லிஸ்ட்டை வச்சிக்கிட்டு அவங்கள சுத்திக் காட்டறதே என் வேலையா போச்சு. இந்த தடவை அண்ணன் குடும்பம் வந்தப்போ லிஸ்ட்ல இல்லாத ஒரு இடத்துக்கு இழுத்துட்டுப் போனேன், அதைப் பத்தின ரிவியூதான் இது. முதல்லயே சொல்லிடறேன், ஈல் ஓ செக்ரெட் வேற, ஈல் ஓ செர்ஃப் வேற. பேரு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கறதால டாக்ஸிக்காரர் கூட குழம்பறாரு. செர்ஃப்னா வெள்ளை மணல், வாட்டர் ஸ்போர்ட்ஸ், பார்பிக்யூ. செக்ரெட்ல அதெல்லாம் ஒன்னும் கிடையாது, காடு மட்டும்தான்.

இடம் எங்கன்னா தென்கிழக்குல, மாயேபூர் பக்கம். பொயிண்ட் ஜெரோம்ல ஒரு சின்ன ஜெட்டி இருக்கு, அங்க இருந்து போட். கரையில நின்னாலே தீவு தெரியும், ஏறத்தாழ 800 மீட்டர்தான், பத்து நிமிஷத்துக்குள்ள போய் இறங்கிடலாம், கடல் பயம் இருக்கறவங்களும் தாராளமா வரலாம், நடுவுல இருக்கறது அலையில்லாத லகூன்தான். தீவு மொத்தமே 26 ஹெக்டேர் சொச்சம். 1965-லயே இயற்கை சரணாலயம்னு அறிவிச்சுட்டாங்க, இப்போ பாத்துக்கறது மொரிஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன், டூரும் அவங்களோடதுதான். தனியா சுத்த விட மாட்டாங்க, கைடு கூடத்தான் போகணும், ஒன்றரை மணியில இருந்து ரெண்டு மணி நேரம் நடை. டிக்கெட் விலை மாறிட்டே இருக்கறதால நான் எழுதல, புக் பண்றப்போ கேட்டுக்கோங்க, இங்க குடியிருக்கறவங்க ஐடி கார்டு மறக்காம எடுத்துட்டுப் போங்க.

ஒரு எச்சரிக்கை மட்டும். அண்ணன் சென்னையிலயே ஒரு டிராவல் ஏஜென்ட்கிட்ட இதை லஞ்ச்சோட பேக்கேஜா போட்டுட்டு வந்துட்டாரு, நேர்ல புக் பண்ணா ஆகறதை விட ரெட்டிப்புக்கு கிட்ட காசு, லஞ்ச்னு வந்தது ஆறிப்போன நூடுல்ஸ் டப்பா, வெஜ்னு எழுதி உள்ள சிக்கன் துண்டு. கூட வந்திருந்த என் அத்தை விரதம் வேற. தீவு டூருக்கும் அந்த ஏஜென்டுக்கும் சம்பந்தம் இல்ல, அதனால ரேட்டிங்ல இதை நான் சேர்க்கல, நீங்க இடையில யாரையும் வைக்காதீங்க, அவ்ளோதான்.

சரி, தீவுக்கு வருவோம். இறங்கின உடனே கால்ல தட்டுப்படறது பவளக் கல்லு. மெயின் தீவு முழுக்க எரிமலைப் பாறை, இது மட்டும் பவளச் சுண்ணாம்பு, கூர் கூரா ஓட்டை ஓட்டையா இருக்கும், மண்ணுன்னு பாத்தா ஒரு கைப்பிடி கூட சேராது, மழை பேஞ்சா தண்ணி நிக்காம கீழ போயிடும், கடல் காத்துல உப்பு வேற. இதுல ஒரு காடு நிக்குது. மரமெல்லாம் குட்டை, கெட்டி, இலை தோல் மாதிரி தடிமன். நிறைய இருக்கறது ஒரு வகை கருங்காலி, அந்த மரத்தோட அறிவியல் பேருலயே இந்தத் தீவு இருக்கு, டயோஸ்பைரோஸ் எக்ரெட்டாரம். நம்ம ஊரு கருங்காலி, தும்பிலியெல்லாம் இதுக்கு சொந்தக்காரங்கதான். அண்ணன் பையன் ஊர்ல இப்போ எல்லாரும் போடற அந்த கருங்காலி மாலையைப் போட்டுட்டு வந்திருந்தான், கைடு அதைப் பாத்துட்டு நிஜ மரத்தைத் தொட்டுக் காட்டினப்போ பையன் முகத்தைப் பாக்கணுமே, பட்டை சாம்பலா இருக்கு, உள்ளதான் கறுப்பு, இது கருங்காலியே இல்லன்னு சண்டைக்கே வந்துட்டான்.

டச்சுக்காரங்க 1598-ல இந்த வளைகுடா வழியாத்தான் மொரிஷியஸ்ல கால் வச்சாங்க, அவங்க காலத்துலயே கருங்காலி வெட்டு ஆரம்பம். இந்தக் குட்டித் தீவையும் விடல, வெட்டினாங்க, ஆடு விட்டாங்க, எலி வந்துச்சு, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் ராணுவம் பீரங்கி கொண்டாந்து வச்சுது, அந்த மேடையை இப்பவும் பாக்கலாம். மெயின் தீவுல நல்ல நிலையில மிஞ்சி இருக்கற பூர்வீகக் காடு 2 சதவீதத்துக்கும் கம்மி. இங்க 1991-ல எலியை முழுசா ஒழிச்சுட்டு, வெளியூர் செடிகளைக் கையாலயே பிடுங்கி பிடுங்கி, உள்ளூர் செடியை நர்சரியில வளத்து நட்டு வச்சிருக்காங்க. நாங்க போனப்பவும் ரெண்டு பேர் குனிஞ்சு களை எடுத்துட்டு இருந்தாங்க, அந்த வெயில்ல.

இந்த டூர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு அஞ்சு நிமிஷம் ஒரு செடி முன்னாடி நின்னதுதான், பறவையெல்லாம் அப்புறம். முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்னு, இலை ஒல்லி ஒல்லியா, நடு நரம்பு சிவந்து, வாடின மாதிரி, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பக்கத்துலயே ஆள் உயரத்துக்கு ஒரு மரம், பச்சைப் பசேல்னு அகல அகலமா இலை. கைடு கேட்டாரு, ரெண்டும் ஒன்னா வேற வேறயான்னு. எல்லாரும் வேற வேறன்னோம். ஒரே செடியாம். சின்னதா இருக்கறப்போ ஒரு இலை, ஒரு உயரம் தாண்டினதும் இன்னொரு இலை. கன்னுல ஒரு இலையைக் கிள்ளாம விரல்ல தடவிப் பாருன்னாரு, நாரா சொரசொரன்னு இருக்கு, மேல இருக்கற இலை வழவழன்னு இருக்கு. அந்த உயரம் எதுன்னா ராட்சச ஆமை கழுத்தை நீட்டினா எட்டற உயரம். ஆள் வர்றதுக்கு முன்னாடி இந்தத் தீவுக் கூட்டத்துல ஆடு மாடு மான் எதுவுமே கிடையாது, அப்போ புல் மேய்ஞ்சது, இலை கடிச்சது எல்லாம் ஆமைதான், அதனால ஆமை வாய்க்கு எட்டற வரைக்கும் பிடிக்காத மாதிரி இருந்துட்டு, எட்டாத உயரம் வந்தப்புறம் தாராளமா இலை விடற செடிதான் பொழைச்சு வந்திருக்கு. சும்மா கதையில்ல, இந்த மாதிரி இலை மாறுற செடியையும் மாறாத செடியையும் ஆமைங்க முன்னாடி வச்சு சோதிச்சும் பாத்திருக்காங்க, இந்த ஒல்லி இலையை அதுங்க ஒதுக்குதாம்.

ஆனா அந்த ஆமை இப்போ கிடையாது. மொரிஷியஸுக்குன்னே ரெண்டு இன ராட்சச ஆமை இருந்துச்சு, கப்பல்காரங்க உயிரோட அடுக்கி வச்சு மாசக்கணக்குல கறிக்கு எடுத்துட்டுப் போனாங்க, 1700-கள்லயே மெயின் தீவுல காலி. யாரைப் பாத்து பயந்து இலையை மாத்திக்கிச்சோ அந்த ஆள் போயும் செடி இன்னும் அதே பழக்கத்துல இருக்கு, ஸ்கூல்ல "சூழலுக்கு ஏத்த மாதிரி உயிரினங்கள் தகவமைச்சுக்கும்"னு ஒரே வரியில படிச்சு மார்க் வாங்கினோமே, அதுக்கு ஒரு வேகம் இருக்கு, அந்த வேகம் ரொம்ப ரொம்ப மெதுவுன்னு அந்தப் புத்தகத்துல யாரும் எழுதல. ஆமைக்காகக் கத்துக்கிட்டது ஆட்டுக்கிட்டயும் மான்கிட்டயும் குரங்குகிட்டயும் செல்லுபடியாகல.

அடுத்து ஆமை. இல்லைன்னு சொன்னேனே, அதுக்கு பதிலா செஷல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவு ஆமையை 2000-ல இங்க கொண்டாந்து விட்டாங்க. இதுவே ஒரு பெரிய கதை, அல்டாப்ராவுல அதுங்களும் அழிஞ்சிடுமோன்னு 1874-ல மொரிஷியஸ் கவர்னருக்கு விஞ்ஞானிங்க சேந்து மனு போட்டாங்க, கையெழுத்து போட்டவங்கள்ல டார்வினும் ஒருத்தர். இப்போ அந்த ஆமைங்க இந்தத் தீவுல வேலிக்குள்ள அடைபடாம பாட்டுக்கு நடக்குது, வழியில குறுக்க படுத்திருந்தா நாமதான் சுத்திப் போகணும். மெயின் தீவுல வேற சில இடத்துலயும் ஆமை பாக்கலாம், தொட்டுப் பாக்கலாம், மேல ஏறி உக்காந்து ஃபோட்டோ எடுக்கறவங்களையும் பாத்திருக்கேன், வயிறு எரியும். இங்க வித்தியாசம் என்னன்னா ஆமை வேலை பாக்குது.

என்ன வேலைன்னா, சாணி போடற வேலை. கைடு ஒரு குச்சியால வழியில கிடந்த காஞ்ச சாணியைப் பிரிச்சுக் காட்டினாரு, அண்ணி மூக்கைப் பொத்திக்கிட்டாங்க, ஆனா நாத்தமே இல்ல, வைக்கோல் வாசம்தான், உள்ள நாரு நாரா புல்லு, நடுவுல பழுப்பா வழவழன்னு கொட்டைங்க. கருங்காலிக் கொட்டை. இந்த மரத்துப் பழம் பெருசு, கனம், காத்துல பறக்காது, இங்க இருக்கற சின்னப் பறவை எதாலயும் முழுங்க முடியாது, ஆமை முழுங்கும். ஆமை போனப்புறம் பழம் எல்லாம் தாய் மரத்தடியிலயே விழுந்து கிடந்துச்சு, நிழல்ல முளைச்ச கன்னு பெருசா வரல, மரம் வெட்டின பக்கம் மொட்டையாவே கிடந்துச்சு. ஆமையை விட்டதும் கொட்டை ஊர் சுத்த ஆரம்பிச்சுது, அது வயித்துக்குள்ள போய் வந்த கொட்டை இன்னும் நல்லா முளைக்குதுன்னும் கண்டுபிடிச்சு 2011-ல வெளியிட்டாங்க. அந்த இடத்தைக் காட்டறப்போ பாருங்க, கணுக்கால் உயரத்துல கருங்காலிக் கன்னு கூட்டமா நிக்கும், யாரும் நட்டதில்ல. கருங்காலி ரொம்ப மெதுவா வளர்ற மரம், அதுங்க பெரிய மரமாகறதை நாம யாரும் பாக்கப் போறதில்ல. டிக்கெட் காசு எனக்கு இங்கயே வசூலாயிடுச்சு.

டோடோ சிலையும் உண்டு, வெண்கலத்துல, எல்லாரும் அது பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுப்பாங்க, எடுங்க. ஆனா இந்த நாட்டுல எந்தக் கடைக்குப் போனாலும் டோடோவை ஒரு மக்குப் பறவையா, முழிய உருட்டி நாக்கைத் தள்ளி பொம்மை பண்ணி விக்கறாங்க, அது எனக்கு எப்பவுமே எரிச்சல். அது புறா வம்சம், இன்னிக்கு இருக்கறதுல ரொம்பக் கிட்டத்து சொந்தம் நிக்கோபார் புறா. பறந்து வந்து இறங்கின புறா, இங்க துரத்திக் கடிக்க ஒரு மிருகம் கூட இல்ல, திருடனே இல்லாத ஊர்ல பூட்டு எதுக்கு, ரெக்கை சின்னதாகி உடம்பு பெருத்துடுச்சு. அதோட எலும்பை அறுத்து உள்ள பாத்து 2017-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஆகஸ்ட் வாக்குல குஞ்சு பொரிச்சு, புயல் சீசன் வர்றதுக்குள்ள குஞ்சு மளமளன்னு பெரிசாகிடுமாம், புயல் எல்லாம் அடிச்சு முடிஞ்சப்புறம்தான் இறகு உதிர்த்து மாத்திக்குமாம். இங்க ஜனவரி பிப்ரவரியில புயல் வார்னிங் கொடுத்து ஸ்கூலை மூடறப்போ எல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். இந்த ஊரு காலண்டரை மனப்பாடம் பண்ணி வச்சிருந்த பறவை அது. அதுக்குத் தெரியாதது எலி, பன்னி, குரங்கு, மனுஷன். 1598-ல ஆள் வந்தாங்க, கடைசியா பாத்ததா பொதுவா ஒத்துக்கற வருஷம் 1662, அறுபது வருஷத்துல எந்த உடம்பு மாறும் சொல்லுங்க. ஏர்போர்ட்டுக்கு பக்கத்துல மார் ஓ சோன்ஜ்னு ஒரு சதுப்பு நிலம், 1865-ல டோடோ எலும்பு குவியலா கிடைச்சது அங்கதான், நீங்க பிளேன்ல இறங்கறதே அது பக்கத்துலதான்.

பறவை பாக்கணும்னு வர்றவங்களுக்கு: பிங்க் பிஜன் பாத்தோம். சாப்பாட்டுத் தொட்டி பக்கம் ரெண்டு, அப்புறம் ஒன்னு தலைக்கு மேல கிளையில, ரோஸ் கலர் உடம்பு, பழுப்பு ரெக்கை, பயமே இல்லாம நம்மளை வேடிக்கை பாக்குது. அந்த பயமில்லாததுதான் அதுக்கு ஆபத்தும். 1990 வாக்குல காட்டுல பத்து பறவை இருந்தாலே அதிகம்ங்கற நிலைமை, கூண்டுல வளத்து விட்டு, எலி பிடிச்சு, தீனி வச்சு, இப்போ நானூறுக்கு மேல, 2018-ல அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட பட்டியல்ல ஒரு படி கீழ இறக்கினாங்க. அந்த மோசமான வருஷங்கள்ல அதுங்க கூடு கட்டினது வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து நட்ட ஜப்பான் சீடர் தோப்புல, அங்க எலியும் குரங்கும் அவ்வளவா ஏறாததால அதுல வச்ச முட்டைதான் தப்பிச்சுது. சமாளிக்கத் தெரிஞ்ச பறவைதான். இப்போ இருக்கற பிரச்சினை வேற, எல்லாமே விரல் விட்டு எண்ணற பறவைங்களோட வாரிசு, உறவுக்குள்ளயே கட்டிக்கிட்ட வம்சம், நாளைக்கு புது நோய் வந்தா தாங்கற வகை ஒன்னாவது கூட்டத்துல இருக்கணுமே, அந்த வகை வகையான ரத்தமே குறைஞ்சு போச்சு.

மொரிஷியஸ் கெஸ்ட்ரெல், அதான் அந்த குட்டி வல்லூறு, இந்தத் தீவுல எதிர்பாக்காதீங்க, அது மெயின் தீவு மலைக்காட்டுல. கைடுகிட்ட கேட்டா சொல்வாரு, கேளுங்க. 1974-ல வெறும் நாலுதான் காட்டுல தெரிஞ்சது. கோழி தூக்குதுன்னு பழி போட்டு அடிச்சாங்க, அது முக்கியமா பிடிக்கறது பச்சைப் பல்லி, காட்டுக்குள்ள மரத்துக்கு மரம் வளைஞ்சு பறக்க வசதியா ரெக்கை குட்டையா வட்டமா இருக்கும். கார்ல் ஜோன்ஸ்னு ஒரு வேல்ஸ்காரர் 1979-ல வந்து, முட்டையை எடுத்து தனியா பொரிக்க வச்சா தாய் இன்னொரு தடவை முட்டை போடும்ங்கறதை வச்சு எண்ணிக்கையை நூத்துக்கணக்குல ஏத்தினாரு. ஆனா கதை அங்க முடியல, 2014-ல மறுபடியும் ஆபத்து அதிகம்னு மேல ஏத்திட்டாங்க. இங்க செப்டம்பருக்கு மேல வர்ற வசந்த காலத்துல மழை நாள் கூடிக்கிட்டே போகுது, மழை விடாம பெஞ்சா அதுங்க முட்டை போடறதைத் தள்ளிப் போடுது, தள்ளிப் போட்டா குஞ்சு வளர்ற சமயம் டிசம்பர் பெருமழையில போய் மாட்டுது. பத்தாயிரம் வருஷத்துக் கணக்கு போட்டு வச்சிருந்த தேதி, அதை நாம மாத்திட்டோம்.

இதுக்கு நேர் எதிரா பொழைக்கத் தெரிஞ்சவங்க யாருன்னா, வேற யாரு, நம்ம ஊர்க்காரங்கதான். மைனாவை 1762-ல வெட்டுக்கிளி தின்னணும்னு இந்தியாவுல இருந்து கொண்டாந்தாங்க, இப்போ ரோஸ் ஹில் பஸ் ஸ்டாண்ட்ல அது போடற சத்தத்துல ஃபோன் பேச முடியல. செம்மீசை கொண்டைக்குருவி 1892-ல வந்துச்சு, எங்க வீட்டு பப்பாளி ஒன்னு விடாது. இதே குருவியை பக்கத்து ரீயூனியன் தீவுல 1972-ல விட்டாங்க, முப்பது வருஷம் கழிச்சு அளந்து பாத்தா மழை கொட்டற கிழக்குப் பக்கமும் காஞ்ச மேற்குப் பக்கமும் இருக்கற குருவிங்களுக்கு அலகும் உடம்பும் வித்தியாசப்பட ஆரம்பிச்சிருக்கு. அப்போ வேகமாவும் மாறலாம், கூட்டம் பெருசா இருக்கணும், சீக்கிரம் குஞ்சு பொரிக்கணும், எதையும் தின்னணும். நூறு வருஷம் வாழ்ற ஆமைக்கும், வருஷத்துக்கு ஒரு மயிர் அளவு வளர்ற மரத்துக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது. இந்தத் தீவுலயே எலி ஒழிஞ்சாலும் மூஞ்சூறு ஒழியல, பிள்ளையார் வாகனமாச்சேன்னு அத்தை கும்பிடப் போனாங்க, கைடுக்கு சிரிப்பு தாங்கல. பொறி வச்சு வச்சுப் பாத்தும் தோத்துட்டாங்க, குட்டிப் பல்லிகளை அதுதான் காலி பண்ணுது. ரவுண்ட் ஐலண்ட்ங்கற இன்னொரு குட்டித் தீவுல மட்டும் மிஞ்சி இருந்த டெல்ஃபேர் அரணையை இங்க கொண்டாந்து விட்டிருக்காங்க, நம்ம ஊரு அரணையை விட நல்ல பெரிசு, செருப்புக்கிட்ட வந்து வாசம் பாத்துட்டுப் போகுது, குழந்தைங்களுக்கு அதுதான் ஹைலைட்.

போட்ல திரும்பி வர்றப்போ அத்தைக்கும் எனக்கும் வவ்வால் விஷயத்துல ஒரு வாக்குவாதம். மாமனார் வீட்டுல லிச்சி மரம் ரெண்டு இருக்கு, நவம்பர் வந்தா ராத்திரியில வவ்வால் கூட்டம். "எல்லாத்தையும் காப்பாத்தறாங்க, எங்க லிச்சியை யாரு காப்பாத்துவா சொல்லும்மா?"ங்கறாங்க. இங்க இருக்கற பழவவ்வாலும் இந்தத் தீவுகளுக்குன்னே உள்ளதுதான், காட்டு மரத்து விதையைத் தூக்கிட்டுப் போய் பரப்பறது அதுதான், 2015-ல அரசாங்கமே முப்பதாயிரத்துக்கு மேல சுட்டுச்சு, அடுத்த வருஷமும் சுட்டுச்சு, 2018-ல அழியற ஆபத்துப் பட்டியல்ல இன்னும் ஒரு படி மேல ஏறிடுச்சு. காட்டை எடுத்துட்டு தோட்டம் போட்டா அது தோட்டத்துக்குத்தான் வரும் அத்தை, வலை போடலாம்னேன். "கொரெக், வலைக்கு காசு நீ தர்றியா?"ன்னாங்க. தந்துட்டேன்.

2020 எண்ணெய்க் கசிவு பத்தி கேக்காம வந்துடாதீங்க. ஜூலை 25-ஆம் தேதி வகாஷியோங்கற கப்பல் பொயிண்ட் தெனி பக்கம் பவளத்திட்டுல ஏறி நின்னுச்சு, ஆகஸ்ட் 6 வாக்குல எண்ணெய் வெளிய வர ஆரம்பிச்சு ஆயிரம் டன் பக்கம் கடல்ல கலந்துச்சு, இந்தத் தீவு நேர் வழியில. மாயேபூர்ல இருக்கற எங்க சின்ன மாமனார் வீட்டுல எல்லாரும் வாட்டர்ஃப்ரண்ட்ல ராத்திரி பகலா உக்காந்து கரும்புச் சோகையைத் துணியில திணிச்சு தச்சு மிதவை பண்ணாங்க, சலூன்ல வெட்டின முடியெல்லாம் அதுக்குள்ள போச்சு. இந்தத் தீவு நர்சரிச் செடிகளையும், சில குட்டிப் பறவைகளையும் மெயின் தீவுக்கு மாத்தினாங்க, பக்கத்து குட்டித் தீவுங்கள்ல இருந்த பல்லி, அரணை கொஞ்சத்தை பிளேன்ல ஏத்தி இங்கிலாந்து பக்கத்து ஜெர்சி மிருகக்காட்சி சாலைக்கே அனுப்பிட்டாங்க. எண்ணெய்க்கு எல்லாம் எந்தப் பல்லி தகவமைச்சுக்கும், ஆள் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு.

மைனஸ் என்னன்னு கேட்டா: கொசு பயங்கரம், ஓடோமோஸ் ஊர்ல இருந்தே எடுத்துட்டு வாங்க. டூர் இங்கிலீஷ், ஃப்ரெஞ்ச், க்ரெயோல்லதான், தமிழ்ல கிடையாது, பெரியவங்க இருந்தா யாராவது ஒருத்தர் மொழிபெயர்த்துக்கிட்டே வரணும், எனக்கு தொண்டை கட்டிடுச்சு. பவளக் கல்லுல ஹீல்ஸ், ரப்பர் செருப்பு ரெண்டும் வேலைக்காகாது. முட்டி வலி இருக்கறவங்க மெதுவா நடக்கலாம், ஏத்தம் கிடையாது, அத்தை எழுபதைத் தாண்டினவங்க, முழுசா நடந்துட்டாங்க, ஆனா வழி சமதளமும் இல்ல. ரீல்ஸ் எடுக்கவே வர்றவங்களுக்கு ஒரு மணி நேரத்துல போரடிக்கும், அண்ணிக்கு அடிச்சுது. கைடு அமையறதைப் பொறுத்தும் இருக்கு, எங்களுக்கு வந்தவர் கேள்வி கேட்டா நின்னு பதில் சொல்ற ஆளு, நீங்களும் கேளுங்க, சும்மா பின்னாடி நடந்தா பாதி விஷயம் தவறிடும். என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலரை, அந்த அரையைக் கொசு தின்னுடுச்சு.

காலையில முதல் போட் பிடிங்க, பத்து மணிக்கு மேல வெயில் கல்லுல பட்டு மேல அடிக்கும், ஆமையும் நிழலுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். திங்கள்கிழமையா வச்சுக்கிட்டா மாயேபூர் சந்தை நாள், திரும்பி வந்து அங்க சூடா தால் பூரியும் காத்தோ பிமாவும் சாப்பிடலாம், ரெண்டாவது நம்ம பருப்பு வடைதான், கொஞ்சம் குட்டியா பச்சை மிளகாய் தூக்கலா. சந்தையில விக்கற டோடோ கீ செயின் வேணாம், தீவுல இருக்கற சின்னக் கடையில ஏதாவது வாங்குங்க, காசு அந்த களை எடுக்கற வேலைக்குப் போகும். போட்ல சீட்டு கம்மி, முன்னாடியே ஃபோன் பண்ணி இடம் இருக்கான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க.